படத்துக்கு வாசித்த பிள்ளை

எங்கள் பாடசாலையிலும் வாசிகசாலை இருந்தது. கண்ணாடி அலுமாரிகள், நிறையப் புத்தகங்கள், பெரிய பூட்டு. கல்வி வலயத்திலிருந்து அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் அது திறக்கும். அன்று பர்தா வெள்ளையாக இருக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து வாங்கில் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். உம்மா நீலம் போட்டுத் தோய்ப்பதால் நான் எப்போதும் தெரிவாகிவிடுவேன். வாசிப்பில் எனக்கிருந்த தகுதி அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் அப்படிக் கையில் வந்தது ஒரு நாவல். கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பியைத் தேடி ஒருத்தி ஊர் ஊராக அலைகிறாள். மற்றவர்கள் கமராவைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் உண்மையாகவே வாசித்துவிட்டேன். அதிகாரியின் வாகனம் கேட்டைத் தாண்டியதும் வாசிகசாலைக்குப் பொறுப்பான டீச்சர் புத்தகத்தைப் பிடுங்கினார்.

“டீச்சர், ஊட்ட கொண்டு போய் வாசிச்சிட்டுத் தரட்டா?”

“இது சோதினைக்கு வருமா? பழுதாக்கிப் போடுவீங்க. போய்ப் பாடத்தப் படி.”

வாசித்தால் புத்தகம் பழுதாகும் என்று நம்பியவரிடம்தான் சாவி இருந்தது.

அடுத்த தவணையும் அதே அதிகாரி வந்தார். அதே நாவலைத் தேடி எடுத்துக்கொண்டேன். அவர் என் முன்னால் வந்து நின்றார்.

“எத்தின புத்தகம் முடிச்சிருக்கீங்க மகள்?”

“ஒண்டும் முடிக்கல்ல சேர். இதுல பாதிதான். போன முற நீங்க போன கையோட வாங்கிப் பூட்டிட்டாங்க.”

“கெட்டிக்காரப் புள்ள,” என்று சிரித்துவிட்டு, தேநீரும் தொதலும் வைத்திருந்த அறைக்குப் போனார். கல்வி அதிகாரியின் விசாரணை அத்தோடு முடிந்தது.

மறுநாள் உம்மாவை அழைத்தார்கள்.

“ஒங்கட மகள் ஸ்கூல்ட மானத்த வாங்கிட்டா,” என்றார் அதிபர்.

“ஏன் சேர், புள்ள பொய்யா செல்லிச்சு?” என்று கேட்டார் உம்மா.

அதிபர் கோப்பொன்றைப் புரட்டத் தொடங்கினார். அதன் பிறகு என்னைப் படத்துக்குக் கூப்பிடவில்லை.

ஆனால் வாசித்த பாதிக் கதையை வகுப்பில் பக்கத்தில் இருந்தவளுக்குச் சொல்லியிருந்தேன்; அவள் விடவில்லை.

“தம்பி கெடச்சானா? மிச்சத்தச் செல்லு புள்ள.”

தெரியாது என்று சொல்ல ரோசமாக இருந்தது. அந்தத் தம்பியை ஒலுவில் கரையில் ஒதுக்கி, இறக்காமத்து வயலில் யானைக்குத் தப்ப வைத்து, இடைவேளைக்கு இடைவேளை நீட்டினேன். கடைசியில் அவனைக் காய்ச்சலில் விழுத்தி மௌத்தாக்கியபோது அவள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. வேறு முடிவு சொன்னேன். அதையும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் கேட்டாள்.

இப்போது நான் எழுதிய புத்தகங்களின் வெளியீட்டு விழா மேடைகளில், என்னை உருவாக்கியது அந்தப் பாடசாலைதான் என்று பெருமையாகப் பேசுகிறார்கள். பேசட்டும். நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.