ஐந்துக்கு இரண்டு

என்னை நானே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டுமாம். போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டை கட்டிய ஒரு தம்பி சொன்னதைக் கேட்டு அதையும் செய்தேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தம்பி மேல் இல்லை. அவன் பாவம், அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை அவன் சொன்னான். கோபமெல்லாம் என் வாய் மேல்தான்.

நான் அங்கே போக நேர்ந்தது எங்கள் கடையை மூடியதால். வடக்கே இருக்கிற வியாபாரிகளுக்காகப் போடி ஏலத்தில் ஏலக்காய் எடுத்துக் கொடுக்கும் கடை அது. பி.காம். முடித்துவிட்டுக் கணக்கு எழுதத்தான் சேர்ந்தேன். கொஞ்ச நாளிலேயே முதலாளி என்னை ஏல மையத்துக்கும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது, கம்ப்யூட்டர் திரை பிடிபடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து விலை கேட்கும் பட்டனைத் தட்டப் போனவள், வருடக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து காய் பார்க்கவும் பழகிவிட்டேன். பெங்களூரில் இருக்கும் அவர் மகன் இந்தத் தொழிலுக்கு வரமாட்டேன் என்று கையை விரித்ததும் முதலாளி கடைக்குப் பூட்டுப் போட்டார்.

என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைத் தோட்டங்களுக்குப் போவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்குவார். காய் எடுக்கிற மாதங்களில் ஓட்டம் இருக்கும். மற்ற மாதங்களில் ஜீப் வாசலில் நின்று வெயில் காயும். என் சம்பளம்தான் வீட்டைத் தாங்கியது. அது நின்ற உடனே திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் அவருடைய அண்ணன் போன் போட்டுவிட்டார், குடும்பத்தோடு வந்துவிடுங்கள், இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது என்று.

என் வீட்டுக்காரர் அநியாயமாக எதுவும் பேசவில்லை. "பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தெறக்குறதுக்குள்ள உனக்கு இங்க ஒரு சோலி கெடச்சுச்சுனா இருப்போம். இல்லேனா வண்டியக் குடுத்துட்டுத் திருப்பூரு போக வேண்டியதுதான்" என்றார்.

எனக்குத் திருப்பூர் வேண்டாம். அந்த ஊர் மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரே தொழில் இங்கே இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் போய் முதல் நாளிலிருந்து மறுபடியும் ஆரம்பிக்க வேண்டும் என்றால் அழுகையாக வந்தது. அந்த நேரம் பார்த்து, ஒரு ஏற்றுமதிக் கம்பெனி போடியில் சரக்குத் தரம் பார்க்கும் பிரிவு தொடங்கப் போகிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று தெரியவந்தது. அதற்கு முன்னால் இந்தத் திறன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்தால் நல்லது என்றார்கள். போனேன்.

டை கட்டிய தம்பி சுவரில் படம் ஓட்டினான். தகவல் தொடர்பு, குழுவாக வேலை செய்வது, சிக்கலைத் தீர்ப்பது, நேரத்தை நிர்வகிப்பது, தலைமைப் பண்பு. ஒவ்வொன்றுக்கும் நமக்கு நாமே ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று போட வேண்டும்.

நான் மனதார உட்கார்ந்து யோசித்தேன். மலையில் இருக்கும் தோட்டக்காரர்களிடம் மலையாளத்தில் பேசுவேன். வடக்கத்தி வியாபாரி போனில் கத்தினால் இந்தியில் அவனை ஆற்றிவிடுவேன். லோடு வராமல் நடுவழியில் நின்றால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று தெரியும். இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன்.

"கம்யூனிகேஷன்ல போடுங்க மேடம்" என்றான் அந்தத் தம்பி.

போட்டேன், இரண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு. ஒன்று போட்டால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்றாகிவிடும், மூன்று போட்டால் கர்வம் பிடித்தவள் என்றாகிவிடும். பக்கத்தில் ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி, அந்த வருடம்தான் காலேஜ் முடித்தவள், மளமளவென்று எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுக் காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்துக்கும் அஞ்சா?" என்றேன்.

"பின்ன என்னக்கா? நமக்கு நாமளே குடுக்கலேனா வேற எவன் குடுப்பான்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன வாய் இந்தப் பிள்ளைக்கு என்றுதான் நினைத்தேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

தம்பி என் மதிப்பெண்ணைப் பார்த்து மகிழ்ந்தே போனான். "சூப்பர் மேடம், உங்களுக்கு முன்னேற நெறைய இடம் இருக்கு" என்றான். தினமும் கண்ணாடி முன்னால் நின்று 'நான் திறமைசாலி' என்று சத்தமாகச் சொல்லிப் பழகச் சொன்னான். அதையும் விடவில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்து எக்செல் படித்தேன், போனில் இங்கிலீஷ் படித்தேன், அதெல்லாம் வந்தது. கண்ணாடி முன்னால் நின்றால் மட்டும் 'நான்' என்பதற்கு மேல் நகரவில்லை. ஒருநாள் என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அங்க யாருகிட்ட வம்பு வளக்குற?" என்று கேட்டார். அன்றோடு கண்ணாடியை விட்டுவிட்டேன்.

ஏன் வரவில்லை என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. எங்கள் ஏலத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஏலம் தொடங்கினால் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் மாதிரிக்கு ஒரு கைப்பிடி காய் நம் இடத்துக்கு வரும். உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்க்க வேண்டும், ஒரு காயைப் பிளந்து உள்ளே விதை கறுப்பாக, பிசுக்கென்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், முகர வேண்டும். எல்லாம் முடிந்ததும் முகத்தில் ஒன்றும் காட்டக்கூடாது. காய் எவ்வளவுக்கு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முகம் செத்துக் கிடக்க வேண்டும். கண் கொஞ்சம் விரிந்தால் போதும், பக்கத்து ஆள் விலையை ஏற்றிவிடுவான். முதல்தரக் காய் வந்தால் கூடமே இழவு வீடு மாதிரி இருக்கும். முதலாளி ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பார். நான் காயைத் தள்ளி வைத்துவிட்டுச் சலிப்பாக, "பரவாயில்ல" என்பேன். எடுத்துவிடுவோம். இத்தனை வருடத்தில் 'நல்ல காய்' என்று நான் வாய் திறந்து சொன்னதே இல்லை.

அது ஏலத்தோடு நின்றால் பரவாயில்லை. எங்கள் தெருவில் கல்யாணச் சாப்பாடும் 'சுமார்'தான், மாப்பிள்ளையும் 'பரவாயில்ல'தான். நிறைகுடம் தளும்பாது என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். தளும்பாத குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று எவன் எட்டிப் பார்க்கிறான்?

நேர்முகத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். கொச்சியிலிருந்து வந்த நரைத்த தலைக்காரர் ஒருவர், சென்னைப் பெண் ஒருத்தி. அந்தப் பெண் எக்செல் தெரியுமா என்றாள். "ஏதோ கொஞ்சம் வரும்" என்றேன். மலையாளம்? "சமாளிப்பேன்." சரக்கு பார்த்த அனுபவம்? "பக்கத்துல இருந்து பாத்துருக்கேன்." பக்கத்தில் இருந்து பார்த்தேனாம்! முதலாளிக்குக் கண் மங்கியதிலிருந்து கடைக்கு வந்த காயெல்லாம் நான் பார்த்த காய். பல்லைக் கடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

பிறகு நரைத்த தலைக்காரர் ஒரு தட்டை என் முன்னால் வைத்தார். "இந்தக் காயைப் பற்றி எந்தா அபிப்பிராயம்?" என்றார்.

கையில் அள்ளினேன். நல்ல பருவெட்டான பெரிய காய், ஒரே பச்சை, ஒரு காய்கூட வெடிக்கவில்லை. பிளந்தேன். வாசனை கண்ணைக் கரித்தது. அந்தப் பருவத்தில் அப்படி ஒரு காயை நான் பார்க்கவே இல்லை. உடனே என் முகம் தானாகச் செத்தது. தட்டை ஒற்றை விரலால் அவர் பக்கம் தள்ளிவிட்டு, "சுமார்தான் சார். பரவாயில்ல" என்றேன்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்து மறுபடியும் பார்த்தார். என்னையும் பார்த்தார். அந்தப் பெண் என்னமோ எழுதிக்கொண்டாள். உங்கள் பழைய முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. நான் அங்கே காய் வாங்கப் போகவில்லை. அது அவர்களுடைய சொந்தச் சரக்கு, வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. அதைப் போய்ச் சுமார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு அங்கே விலைக்கு இருந்தது நான், என்னையும் சுமார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் நடுவில் தலையில் அடித்துக்கொண்டேன். பூக்காரம்மா ஒருத்தர், "என்னாச்சு தாயி, எதையாச்சும் தொலச்சுட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முதலாளியிடம் கேட்பார்கள் என்பது ஒன்றுதான் ஆறுதல். அவர் ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொன்னால் போதும், நான் உளறியது மறைந்துவிடும். அவருக்குப் போன் போட்டு, உங்களிடம் கேட்பார்கள் என்று மட்டும் சொன்னேன். "நான் பாத்துக்கிறேன் ஆத்தா" என்றார். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு நான் சொல்லிக் கொடுப்பதா?

வேலை கிடைக்கவில்லை என்று போன் வந்தது. நேரே முதலாளி வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையப் பத்தி என்ன சொன்னீங்க மொதலாளி?"

"ஏன், நல்லாத்தான சொன்னேன். பரவாயில்ல, வேலை பாக்கும்னு சொன்னேன்."

"அம்புட்டுத்தானா?"

"அதுக்கு மேல என்ன சொல்லுறது?" அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

"இத்தன வருசம் உங்க கண்ணா இருந்தேன். பரவாயில்லையா நானு? மெட்ராஸ்காரிக்கு அது என்ன கணக்குனு தெரியுமா? வேணாம்னு சொல்றாருனுதான் நெனச்சுருப்பா!" அவர் முன்னால் அதுவரை நான் சத்தமாகப் பேசியதே கிடையாது. உள்ளே இருந்து அவர் சம்சாரம் ஓடிவந்து நின்றார்.

முதலாளி டிவியை அணைத்தார். "ஏ ஆத்தா, ஒண்ணு கேக்குறேன். என் வாயால வேற யாரையாச்சும் பரவாயில்லனு நான் சொல்லிக் கேட்டுருக்கியா?"

நினைத்துப் பார்த்தேன். குமாஸ்தாவைச் சொன்னதில்லை. லாரிக்காரர்களைச் சொன்னதில்லை. பெங்களூரில் இருக்கும் பெற்ற மகனைச் சொன்னதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் மட்டும் போகவில்லை. அந்த மனிதர் தன்னிடம் இருந்த ஆகப் பெரிய வார்த்தையை எடுத்துக் கொடுத்திருக்கிறார், அது போடியைத் தாண்டினால் செல்லாது.

"போனக் கொண்டா, வெரசா" என்று சம்சாரத்தை விரட்டி, அந்தக் கம்பெனிக்கு மறுபடியும் பேசினார். ஆள் எடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எடுத்தது அந்த ராசிங்காபுரத்துப் பெண்ணைத்தான் என்று பின்னால் தெரிந்தது. வயிறு எரியவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் மேல் குற்றம் இல்லை, அவள் தனக்கு ஐந்து போட்டாள், அவர்களும் போட்டார்கள்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்கிவிட்டது. ஒருநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது திருப்பூரிலிருந்து போன். என் வீட்டுக்காரரின் அண்ணன் சொல்லிவைத்திருந்த கம்பெனி சூப்பர்வைசர்.

"செக்கிங் வேலைம்மா. துணியில ஓட்டை, கறை, தையல் பிசிறு எல்லாம் பாக்கணும். தெரியுமா?"

பனியனை உடுத்தத் தெரியும், துவைக்கத் தெரியும். அதைத் தவிர அதைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

"ரொம்ப நல்லாத் தெரியும் சார்" என்றேன்.

"வேகமா பாப்பீங்களா?"

"என்னைய மாதிரி யாரும் பாக்க முடியாது சார். என் கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது."

நாக்கு கொஞ்சம்கூடக் கூசவில்லை. முகம்கூட மலர்ந்திருந்ததாம், அப்புறம் என் வீட்டுக்காரர் சொன்னார். சூப்பர்வைசர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமையே வந்து சேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஜீப் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றார். "இந்த வாய அன்னைக்கு அங்க தெறந்துருக்கலாம்ல?"

தோசை கருகிவிட்டது. திருப்பிப் போட்டேன்.

"அங்க எனக்கு நெசமாவே தெரியும்ங்க" என்றேன். "அதான் வாயில வரல."