ரஃபீக் பாய் காரைத் துடைத்த நாள்

சோளிங்கர் மலைப்படியில் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது ரஃபீக் பாயின் மகள் போன் செய்தாள். “அத்தா காலைல தூக்கத்துலயே போய்ட்டாருண்ணா,” என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு சாமியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கி அவர் ஊரான மேல்விஷாரத்துக்குப் போனேன்.

பந்தயக் களத்தில் நம்மில் அவரை அறியாதவர் இல்லை. பாதி வருஷம் ஆம்பூரில் ஏற்றுமதி ஷூக்களைப் படமெடுப்பார். மீதி வருஷம் மணிக்கணக்கில் ஓடும் நெடுநேரக் கார்ப் பந்தயங்களில், நான் ஓட்டிய அணிக்குப் படமெடுப்பார். ஸ்ரீபெரும்புதூர் வெயிலில் எல்லோரும் நிழல் தேடும்போது, தலையில் ஈரத்துண்டோடு வளைவில் நிற்பார். “ஓட்ற வண்டிய எவன் வேணா எடுப்பான். ஓட்டிட்டு எறங்குறவன் மூஞ்சிய எடு, அதான் ரேஸு,” என்பார். என் மூஞ்சி அவ்வளவு கோரமாகும் என்பதே அவர் காட்டித்தான் எனக்குத் தெரியும்.

ஒரு சீசனில், எங்களுக்குச் செலவு செய்த ஆம்பூர் தோல் கம்பெனி முதலாளி, கோயம்புத்தூரில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மலேசியப் பந்தயத்துக்கு அனுப்புகிறேன் என்றார். வெளிநாட்டில் ஓட்ட எனக்கு வந்த ஒரே வாய்ப்பு அது. தவறவிட்டால் வீட்டில் சொன்னபடி காரை மறந்துவிட்டு மாமாவின் கடையில் உட்கார வேண்டியதுதான்.

கோயம்புத்தூரில் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தோம். பெட்ரோல் நிரப்பவும் ஆள் மாறவும் கார் பாதையை விட்டு எங்கள் மெக்கானிக்குகள் நிற்கும் இடத்துக்கு வந்தது. என்னோடு மாறி மாறி ஓட்டும் சுதாகர் இறங்க, நான் ஏறி பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். கதவில் எழுதியிருந்த முதலாளியின் கம்பெனிப் பெயர் மேல் ஒரே கரி. படமெடுக்க வந்த பாய், இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி அதைப் பளிச்சென்று துடைத்துவிட்டார். ஷூவைத் துடைத்த பிறகே படமெடுத்துப் பழகிய கை, தன்பாட்டுக்குப் போய்விட்டது. அங்கே நிற்கும் காரை அதற்கென்று பெயர் கொடுத்த மெக்கானிக்குகளைத் தவிர யாரும் தொடக்கூடாது. அதிகாரி விசில் ஊதினார். தண்டனையாக எங்களை நிறுத்திவைத்தார்கள். ஐந்தாவதாக வந்தோம்.

இறங்கியதும் கையுறையை வீசினேன். “எங்க அந்த பாய்?” என்று கத்தினேன். “அவரு அப்பவே ஆபீசருங்க ரூமுக்குப் போய்ட்டாருப்பா,” என்றார் மெக்கானிக். ஓடினேன். கேமராவைக் கழுத்திலிருந்து இறக்காமல் பாய் அங்கே நின்றுகொண்டிருந்தார். “தொட்டது நானு. பசங்க மேல தப்பு இல்ல சார். எனக்கு இன்னா வேணா பண்ணுங்க, அவங்க எடத்தைக் குடுத்துடுங்க.” இடம் திரும்பக் கிடைக்கவில்லை. சீசன் முடியும்வரை கார்கள் நிற்கும் இடத்துக்கு அவர் வரக்கூடாது என்று அனுமதியையும் பிடுங்கிக்கொண்டார்கள். திட்டப்போன நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் நாங்கள் ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் பாய் முதலாளியைப் பார்த்துவிட்டார். வேறொரு போட்டோக்காரர் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி, மேசையில் வைத்திருந்தார். அதில் பாய் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். “இதுக்கு முன்னாடி மூணாவது, அப்புறம் அஞ்சாவது. இந்தக் கைதான் முதலாளி,” என்றாராம்.

முதலாளி சிரித்துவிட்டாராம். “ஒரு தூசி தெரிஞ்சாலும் ஆர்டர் போய்டும், தொடைச்சுட்டு எடுன்னு இத்தினி வருஷமா கத்தினவன் நாந்தானே பாய்? பாதி தப்பு என்னுது. மலேசியாவுக்குப் போவச் சொல்லு பசங்கள,” என்றாராம்.

போனோம். மலேசியாவில் மழை. பாய் பொதுமக்கள் உட்காரும் புல்மேட்டில் நனைந்துகொண்டே படமெடுத்தார். ஏழாவதாக வந்தோம். “ஏழா? பரவால்லியேப்பா, நான் பத்துன்னு நெனச்சேன்,” என்று என் முதுகில் தட்டினார். எங்களுக்கு முன்னால் ஏன் முதலாளியிடம் ஓடினீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன். “நீ போனா போட்டோக்காரரு கெடுத்துட்டாருன்னு சொல்லுவ. நெசந்தான். ஆனா என் தப்பை அவரு உன் வாயால கேக்கக்கூடாது,” என்றார்.

அன்றிலிருந்து இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. என் பக்கம் பிசகு என்றால், கூப்பிட ஆள் வருவதற்குள் ஹெல்மெட்டோடு அதிகாரிகள் அறைக்குப் போய்விடுகிறேன். சில முறை கையில் இருந்த இடம் போயிருக்கிறது. ஆனாலும் வெளியே வந்து வயிறாரச் சாப்பிட முடிகிறது, பாய்.