தழும்பில் தடவிய எண்ணெய்

என் மகளின் உடம்பிலிருந்து ஓர் உறுப்பை எடுத்தார்கள். அதை அவளிடமே நான் மறைத்தேன். அவள் வளர்ந்து, மணமாகிப் போன பிறகும் மறைத்தேன்.

அப்போது கவிதாவுக்குப் பதினொரு வயது. வயிற்றுவலியில் துடித்தவளைக் கிணத்துக்கடவிலிருந்து கோவைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இடது சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது, கறுத்துப் போயிருந்தால் எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, லேப்ராஸ்கோப்பியில் மூன்று சிறு துளைகள் போதும், குழந்தைக்கு வலியும் குறைவு என்றார்.

நான் என்ன கேட்டேன் தெரியுமா? வலியைப் பற்றி அல்ல...

"தழும்பு தெரியுங்களா?"

"நாளாக நாளாகத் தெரியாதுங்க" என்றார்.

உறுப்பு கறுத்துத்தான் போயிருந்தது. எடுத்துவிட்டார்கள். வராந்தாவில் என் கணவர் காதோடு சொன்னார்: "குடல்வால்னே எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடலாம். நாளைக்குக் கட்டிக் குடுக்கோணுமல்ல."

தலையாட்டினேன். ஆர்லிக்ஸும் ஆப்பிளுமாகப் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் மட்டுமா அப்படிச் சொன்னேன்? கண் விழித்த குழந்தையிடமும் அதையேதான் சொன்னேன்.

வீடு திரும்பிப் புண் ஆறியதும், எங்கள் தோப்புத் தேங்காயில் ஆட்டிய எண்ணெயை அந்தத் தழும்புகளில் இரவுதோறும் தடவினேன். கூச்சத்தில் நெளிந்து சிரிப்பாள். பாசமென்று நினைத்தாள்... பாசமும் இருந்தது! நீங்கள் நம்பாவிட்டாலும் இருந்தது.

மணமாகிச் சில ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லையென்று சென்ற மாதம் ஸ்கேன் எடுக்கப் போனாள். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்திருக்கிறார். இடது சினைப்பையை எப்போது எடுத்தார்கள் என்று டாக்டரம்மா கேட்க, "அது குடல்வாலுங்க" என்று இவள் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். என்னைக் கேட்கவில்லை. அப்பாவைக் கேட்டாள். அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "உங்கம்மாதான் கண்ணு, சொல்ல வேண்டாம்னு சொல்லிப்போட்டா."

நட்டாற்றில் விடுவது என்பார்களே... இதுதான். இத்தனை ஆண்டுகள் கூட வாழ்ந்தவர்! ஆனால் நான் ஏன் வாய் திறக்கவில்லை? முதல் சொல் அவருடையது என்றால், பிறகு நான் சொன்ன பொய்களெல்லாம் யாருடையவை? என்னை நம்பியவளுக்கு நான் செய்ததைத்தானே அவர் எனக்குச் செய்தார்? அப்படியும் அவர்மேல் வயிறு எரிகிறது.

கவிதா தன் வயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தாள். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"தழும்பையாச்சும் உட்டு வெச்சிருந்தீங்கன்னா, நானே என்னைக்காச்சும் கேட்டிருப்பனுங்கம்மா."

இப்போது அப்பாவோடு மட்டும் போனில் பேசுகிறாள். "நாந்தான் மொதல்ல மறைக்கச் சொன்னேன்" என்று இன்றாவது சொல்வாரா என்று பக்கத்திலேயே நிற்கிறேன். பேசி முடித்துவிட்டு அவர் சாப்பிட உட்காருகிறார். நான் பரிமாறுகிறேன்.