கொடுவா மீன்களின் திறந்த வாய்

தமிழாசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், பிரிக்பீல்ட்ஸிலிருந்து கடலோரக் கிள்ளானுக்குச் சென்று கடல்மீன் வளர்ப்பைக் கற்கத் தொடங்கினேன். கற்பித்தவர் செல்வி, கழிமுகத்தருகே உவர்நீர்க் குளமொன்றைக் குத்தகைக்கு எடுத்துக் கொடுவா மீன் வளர்ப்பவர்.

ஒரு விடியலில் நான் முந்திச் சென்றபோது, மீன்களெல்லாம் நீர்ப்பரப்பில் வாய் திறந்து நின்றன. பசி போலும் என்றெண்ணித் தீனியை வாரினேன்.

“அங்கிள், போடாதீங்க!” என்று கத்தியபடி ஓடிவந்தார் செல்வி. குளத்துக்குக் காற்றூட்டும் சக்கரங்கள் நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர் விசையை அழுத்தினார், சக்கரங்கள் சுழன்றன.

“பசிச்சா பாஞ்சு வரும் அங்கிள். இது மூச்சு முட்டி நிக்குது. இப்பத் தீனி போட்டா, அது செரிக்கவும் காத்துப் பத்தாம, ஏழு மாசம் வளர்த்தது மொத்தமும் போயிரும் லா.”

கரையில் நின்று பார்த்தோம். வெகுநேரங்கழித்து, மீன்கள் ஒவ்வொன்றாய் ஆழத்துக்குத் திரும்பின.

“வாத்தியாருல்ல, வாயத் தொறந்தாலே ஊட்டிடுவீங்க!” என்று சிரித்தார் செல்வி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பில் திகைத்து வாய் திறந்திருந்த பிள்ளைகளுக்கு, நான் மேலும் மேலும் பாடத்தையே ஊட்டியிருக்கிறேன். செல்வி ஓடிவரும்போதே கண்டுகொண்டதை, முப்பதாண்டுகள் எதிரில் நின்றும் நான் கண்டதில்லை.