எட்டு மிசினும் ஒரு சைபரும்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரே கணினி முடித்துவிடும் வேலைக்கு எட்டைப் பிடித்தவன் வேறு யாராக இருக்க முடியும்?

அக்கா ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் சூப்பர்வைசர். கிருமி சாக ஆவியில் வெந்த ஒவ்வொரு பொட்டலத்துக்கும் எவ்வளவு சூடு ஏறியது என்று பட்டியல் வரும். சூடு குறைந்ததை ஒதுக்கிவிட்டு அவள் கையெழுத்துப் போட்டால்தான் லாரி நகரும். வேகாத துணி யார் புண்ணிலாவது உட்கார்ந்தால், பதில் சொல்ல வேண்டியது அந்தக் கையெழுத்து. வரி வரியாகக் கண்ணால் பார்ப்பாள். “கண்ணு எதுக்குக்கா, நான் இருக்கேன்ல?” என்று பட்டியலை வாங்கிக்கொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் என் மடிக்கணினியில் தலைமை நிரல். அதில் தப்பை எண்ண ஓர் எண், சைபரில் தொடக்கம். எங்கோ இருக்கும் என் ஆபீஸ் மிசின்கள் எட்டுக்கும் பட்டியலைப் பங்கு வைத்து, சூடு குறைந்தால் ஒன்று கூட்டு என்றேன். எந்தப் பொட்டலம் என்று குறித்துவைக்கச் சொல்லவில்லை. எண்ணிக்கை போதாதா?

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அவளைப் போனில் பிடித்தேன். “அக்கா, சைபர்! ஒண்ணுகூடத் தப்பில்லை.”

“மெய்யாத்தானாலே?”

“மிசின் பொய் சொல்லுமாக்கா?”

“சரி, கையெழுத்துப் போடுதேன். நாலு மணிக்கு லாரி.”

எனக்கு நானே பால்கோவா பரிசளித்துக்கொண்டு, எட்டு மிசின்களின் குறிப்புகளையும் சும்மா புரட்டினேன். ஒவ்வொன்றிலும் ஓர் எண். தலைமை நிரல் தன் எண்ணை யாருக்கும் தருவதில்லை, நகலைத்தான் தரும். எட்டும் தத்தம் நகலில் ஒழுங்காகக் கூட்டிவிட்டு, வேலை முடிந்ததும் அதோடு போய்விட்டன. தலைமையிடம் இருந்த சைபர் அப்படியே இருந்தது. எல்லோரும் கூட்டவும் தலைமை மட்டும் படிக்கவும் தனி வகை எண் உண்டு. அதைப் பற்றிப் போன மாதம் ஆபீசில் வகுப்பெடுத்த மேதை நான்தான்.

எட்டையும் விரல் விட்டுக் கூட்டினேன். நாற்பத்தொன்று.

அக்காவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பேக்கிங் அறைக்குள் போன் கூடாது. கேட்டில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். பைக்கை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது மூன்றரை.

“டீ மணி அடிச்சாத்தான் அவிய வெளிய வருவாவ,” என்றார் வாட்ச்மேன்.

“எப்ப அடிக்கும்?”

“நாலேகாலு. செத்த நேரம் உக்காருங்க.”

கையில் சரியான எண் இருக்கிறது; சேர வேண்டிய இடத்தில் சேர்க்க வழியில்லை. ஒன்பதாவது மிசினாக நானே கேட்டில் நின்றேன். லாரியின் பின்கதவைச் சாத்தும் சத்தம் உள்ளிருந்து கேட்டது. கெஞ்சிக் கூத்தாடி, “சைபர் இல்லை, நாற்பத்தொன்று. லாரியை விடாதே” என்று ஒரு சீட்டு எழுதி அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

அதே சீட்டோடு திரும்பி வந்தார். பின்பக்கம் அக்காவின் எழுத்து:

“நிறுத்திட்டேன், அந்த நாப்பத்தொண்ணும் எந்தெந்தப் பொட்டலம்லே?”