ஏர் பிடித்த வேன்

பேராவூரணிக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே எங்கள் பழைய டீசல் வேன் நின்றுவிடுகிறது. உள்ளே மாப்பிள்ளை, என்னோடு வேலை பார்க்கும் ஆரோக்கியம். மாதா கோயிலில் பெண் காத்திருக்கிறாள்; திருமணப் பூசை முடித்துவிட்டு ஃபாதர் வேறு ஊருக்குப் போக வேண்டும்.

நான் வரிசையாகப் பார்க்கிறேன். டேங்கில் டீசல் இருக்கிறது. ஃபில்டர் புதிது. ஆரோக்கியம் கோட்டைக் கழற்றிவிட்டுக் கைப்பம்பை அழுத்துகிறான். தளர்த்திய திருகு வழியே டீசலுக்குப் பதில் நுரைதான் வருகிறது. எங்கோ ஒரு குழாய் காற்றை இழுக்கிறது.

"ஏர் புடிச்சிருக்கு," என்கிறேன்.

வேன் ஓட்டும் அவன் சித்தப்பா, மணப்பெண்ணின் அப்பாவுக்குப் போன் போடுகிறார். "ஏர் புடிச்சிருக்கு சம்பந்தி. மாப்பிள்ளையும் கோட்டக் கழட்டிட்டு எறங்கிட்டாரு. முடிச்சிட்டு வந்துடறோம்."

வெடித்த ரப்பர் குழாயை நான் கண்டுபிடிப்பதற்குள், பட்டு வேட்டி கட்டிய ஒருவர் கலப்பை மாட்டிய டிராக்டரில் வந்து நிற்கிறார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன்ங்க. மாப்ள, நீங்க கெளம்புங்க. மிச்சத்த நான் உழுதுடறேன். எந்த வயலு?"

எனக்குப் புரியவே சற்று நேரமாகிறது. "அந்த ஏர் இல்லீங்க. டீசல் குழாயில காத்து."

அவர் வேனைப் பார்க்கிறார், தன் கலப்பையைப் பார்க்கிறார். "காத்துன்னு தமிழ்ல சொன்னா என்னங்க? கார்ல வந்திருப்பேனே!"

ஆரோக்கியம் கோட்டை மாட்டிக்கொண்டு மட்கார்டில் ஏறி உட்காருகிறான். டிராக்டர் புறப்பட்டதும் சித்தப்பா மறுபடி போன் போடுகிறார். "மாப்பிள்ளை கெளம்பிட்டாரு சம்பந்தி."

ஸ்பீக்கரில் பெண்ணின் அப்பா கேட்கிறார்: "முழுசா உழுதாச்சா?"