அக்காவின் கம்பெனியும் என் கணக்கும்

மதியமானால் எங்கள் அலுவலக நடைவழியில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ‘மால்ட்சைட்’ என்பார்கள். சாப்பாட்டு வேளை என்று அர்த்தம். ஜெர்மனிக்கு வந்த புதிதில், சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களாக்கும் என நினைத்து, "இன்னும் இல்லை, நீங்கள்?" என்று நின்று பதில் சொல்வேன். அவர்கள் குழம்பிப்போய் நடையைக் கட்டுவார்கள். அது வெறும் வணக்கம்தான், யாரும் என்னை உடன் சாப்பிடக் கூப்பிடவில்லை என்று புரியச் சில மாதங்கள் ஆயின.

காலணிகளைத் தருவித்து ஐரோப்பாவெங்கும் விற்கிற நிறுவனம் அது. எந்த ஊர்க் கடையில் எந்த ஷூ விற்கும், எந்தத் தொழிற்சாலைச் சரக்கு தாமதமாகும் என்று பழைய தரவுகளைக் கொண்டு முன்கூட்டிச் சொல்வது என் வேலை. தொண்ணூறுகளில் வேலூரில் புள்ளியியல் படித்தபோது இப்படியொரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது. அப்பா தவறிய பிறகு ஸ்டெல்லா அக்கா ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போனாள். அதனால்தான் நான் கல்லூரிக்குப் போக முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே என் புத்தகத்தைப் புரட்டுவாள்.

"இத்த படிச்சா இன்னா வேலடி குடுப்பாங்க?"

"டீச்சர் வேலை கிடைக்கும்க்கா."

இருவருக்கும் அதற்குமேல் தெரியாது.

இங்கே ஒரு குளிர்காலத்தில், எந்தத் தொழிற்சாலைகளைக் கைவிடலாம் என்று கணித்துத் தரச் சொன்னார் என் மேலாளர் க்ராமர். தாமதத்தையும் திரும்பிவந்த சரக்கையும் வைத்துக் கணித்தேன். கடைசி இடத்தில் அக்காவின் கம்பெனி வந்து நின்றது. திரும்பவும் சரிபார்த்தேன். தவறில்லை. கணக்கை ஒரு வருடம் தள்ளித் தொடங்கினால் அந்தப் பெயர் தப்பித்துவிடும் என்பதும் தெரிந்தது. எந்த வருடத்திலிருந்து தொடங்குவது என்பதை என்னிடமே விட்டிருந்தார்கள்.

க்ராமரின் அறைக்குப் போனேன். என் அரைகுறை ஜெர்மனில், "அந்தக் கம்பெனியில் ஷ்வெஸ்டர் வேலை செய்கிறாள்" என்றேன். அந்த மொழியில் சகோதரியும் ஷ்வெஸ்டர், நர்ஸும் ஷ்வெஸ்டர். ‘என்’ என்ற சொல்லை நான் விழுங்கியிருந்தேன்.

"தொழிற்சாலையிலேயே நர்ஸ் இருக்கிறாரா? நல்ல விஷயம். அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்" என்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்படியே வந்திருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, அவர் புரிந்துகொண்டது அவர் பாடு. கதவு வரைக்கும் வந்தும்விட்டேன். கைப்பிடியைத் திருக மனம் வரவில்லை.

"நர்ஸ் இல்லை. என் கூடப்பிறந்த அக்கா."

திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். பிறகு எழுந்து கைகொடுத்து நன்றி சொன்னார். அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்து, பக்கத்து மேசைத் தோமாஸிடம் கொடுத்தார். தோமாஸும் நான் தொடங்கிய வருடத்திலிருந்தே தொடங்கினான். அதே விடைதான் வந்தது. ஆம்பூருக்கு ஆர்டர் நின்றுபோயிற்று.

அக்காவுக்கு நான் ஃபோன் செய்தபோது அங்கே சேதி போய்ச் சேர்ந்திருந்தது.

"எங்க லைன மூடிட்டாங்கடி. பேரணாம்பட்டு யூனிட்டுக்குப் போவச் சொல்றாங்க. ரெண்டு பஸ் மாறணும். புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பிட்டுப் போவ முடியாது. பேஜார்தான்."

"அக்கா, நாங்கதான் ஆர்டர நிறுத்தினோம். மொத கணக்கு நான் போட்டது."

"தப்பாப் போட்டுட்டியா?"

"இல்லக்கா."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவள் குரல் சற்றுத் தணிந்து வந்தது.

"நாங்கன்றியே, யாருடி அது?"

அலுவலகத்தில் நாள் முழுக்க ‘வியர்’ என்கிறேன். நாங்க, நாம இரண்டுக்கும் ஜெர்மனில் அந்த ஒரு சொல்லே போதும், அதில் கேட்பவரும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தமிழில் அக்காவைச் சேர்த்துக்கொள்ள ஒரு சொல், வெளியே நிறுத்த வேறொரு சொல். நாம என்று மாற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அது பொய். நாங்க என்று இன்னொரு முறை சொல்லவும் முடியவில்லை. ஃபோன் கார்டில் நேரம் கரைந்துகொண்டிருந்தது. அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை.